குயீன் நடனப் பாட்டுக்குப் போனபோது: ஹாட் ஸ்பேஸ் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

கேள்வி இதுதான். வருடக்கணக்காக ராக் வாசித்த ஒரு குழு திடீரென்று சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி), நடனத் தாளம் என்று பாப் பக்கம் சாய்ந்தால் ரசிகர்கள் ஏன் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள்? "விலைபோய்விட்டார்கள்" என்பவர்கள் சொல்வது சரியா, "வளர்ந்திருக்கிறார்கள், உங்களுக்குத்தான் காது பழையது" என்பவர்கள் சொல்வது சரியா? குறிப்பாக, பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனின் 1982 ஆல்பம் ஹாட் ஸ்பேஸ் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்சியும் தப்பான இடத்தில் தேடுகின்றன. புதிதாக எந்தக் கருவி உள்ளே வந்தது என்பதைப் பார்ப்பதில் பயனில்லை. அது வந்தபோது யார் தன் இடத்தை விட்டு எழுந்து நிற்க வேண்டியதாயிற்று என்று பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள குயீனை விட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே குழு, அதே நான்கு பேர், சில வருட இடைவெளியில் இதைச் சரியாகவும் செய்தார்கள், தப்பாகவும் செய்தார்கள், மறுபடி சரியாகவும் செய்தார்கள்.

1973-இல் வந்த முதல் ஆல்பத்தின் உறையிலேயே "யாரும் சிந்தசைசர் வாசிக்கவில்லை" என்று அச்சடித்தவர்கள் இவர்கள். காரணம் வீம்பு மட்டுமல்ல. கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் கிட்டாரைப் பல தடவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து வயலின் வரிசை மாதிரி, ஊதுகுழல் மாதிரியெல்லாம் ஒலிக்க வைத்தார். கேட்பவர்கள் அதை மெஷின் என்று நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை. 1963-இல் தொடங்கி அப்பாவும் மகனுமாக ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து கழுத்தைச் செதுக்கிச் செய்த கிட்டார் அது. மீட்டுவதற்கு ஆறு பென்னி நாணயம், பின்னால் வாக்ஸ் ஏசி30 ஆம்ப். குயீனின் முகம் என்றால் ஒரு பக்கம் ஃப்ரெடி மெர்க்குரியின் குரல், இன்னொரு பக்கம் இந்த கிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1980-இல் வந்த தி கேம் ஆல்பத்தில் அந்த விரதம் முடிந்தது. முதல் பாட்டின் முதல் சில நொடிகளிலேயே ஓபர்ஹைம் சிந்தசைசர் இரைந்துகொண்டு இறங்குகிறது. யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். அதிலிருந்து இரண்டு பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடம் போயின. இரண்டுமே ராக் ரசிகன் எதிர்பார்த்த ராக் அல்ல என்பதுதான் வேடிக்கை. ஒன்று எல்விஸ் காலத்து ராக்கபில்லி. இன்னொன்று பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் டீக்கன் எழுதிய அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட், சுத்தமான ஃபங்க் (கறுப்பின அமெரிக்கர்களின் நடன இசை).

இந்த இரண்டாவது பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் ஹாட் ஸ்பேஸின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்பட்டது. வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 தட்டு. சிக் என்ற அமெரிக்க டிஸ்கோ குழுவின் 1979-ஆம் வருடப் பாட்டு ஒன்றின் பேஸ் நடையைப் பின்பற்றியது. டிரம்மில் எதிரொலி என்பதே கிடையாது. கிக் டிரம்முக்குள் போர்வையைத் திணித்து, அடித்ததும் அடங்கிவிடும் ஒலியாக டிரம்மர் ரோஜர் டெய்லரை அடிக்க வைத்து, அந்தத் துண்டை நாடாவில் வளையமாக ஓடவிட்டார்கள். பேஸ், ரிதம் கிட்டார், பியானோ எல்லாம் டீக்கனே. ஆனால் கவனியுங்கள்: பேஸ் விரலால் வாசித்த பேஸ். ஒவ்வொரு சுரமும் முடியும் இடத்தில் கம்பியை அமுக்கும் விரல் இருக்கிறது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடம்தான் பாட்டே. அந்த வெற்றிடத்தில் மே தன் கிட்டாரை ஹார்மனைசர் (ஒலியின் சுருதியை மாற்றும் கருவி) வழியாகச் செலுத்தி உறுமலும் கீறலுமாக ஒலிகளைத் தூவுகிறார். குறைவாகத்தான் வாசிக்கிறார், ஆனால் இருக்கிறார்.

அமெரிக்காவில் இது கறுப்பின வானொலிகளிலும் ஓடியது, சோல் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. இதிலிருந்து குழு எடுத்துக்கொண்ட பாடம், "மக்களுக்கு நம்மிடமிருந்து ஃபங்க் வேண்டும்" என்பது. அந்தப் பாட்டு தி கேம் ஆல்பத்தில் ஊறுகாய். சோறும் குழம்பும் அதே இலையில் இருந்ததால் நாக்கில் சுள்ளென்று இருந்தது. அடுத்த தடவை ஊறுகாயையே சோறாகப் பரிமாறினார்கள்.

1982 மே மாதம் வந்த ஹாட் ஸ்பேஸ் இசைத்தட்டின் முதல் பக்கம் அதுதான். ஐந்து பாட்டு, இருபது நிமிடம் சொச்சம், முழுக்க நடனத் தாளம். வேலை நடந்தது பெரும்பாலும் மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில். டிஸ்கோவின் பிதாமகர்களில் ஒருவரான ஜார்ஜியோ மொரோடர் தொடங்கிய இடம் அது, ஒரு ஹோட்டல் கட்டடத்தின் அடித்தளத்தில். தயாரிப்பு ரைன்ஹோல்ட் மாக். நியூயார்க்கிலிருந்து அரிஃப் மார்டின் முதல் பாட்டுக்கு ஊதுகருவி வரிசை எழுதிக் கொடுத்தார். கூடவே லின் எல்எம்-1 டிரம் மெஷின், சிம்மன்ஸ் எலெக்ட்ரானிக் பேட், சிந்தசைசர் பேஸ்.

இங்கே என்ன இழந்தார்கள் என்பதைக் காதால் பிடிக்க முடியும். ரோஜர் டெய்லருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்நேர் டிரம்மை அடிக்கும் அதே கணத்தில் இடது கால் மிதியைத் தளர்த்தி ஹை-ஹேட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள இரட்டைச் சிம்பலை) லேசாகத் திறப்பார். அதனால் அவருடைய ஒவ்வொரு ஸ்நேர் அடிக்கும் ஒரு "த்ஷ்" ஒட்டிக்கொண்டு வரும். எழுபதுகளின் பல குயீன் பாட்டுகளில் இது கேட்கும். அவர் கையெழுத்து அது. எல்எம்-1 உண்மையான டிரம் ஒலிகளைச் சில்லில் பதித்துத் தந்த முதல் மெஷின். அந்தக் காலத்தில் நினைவகம் தங்க விலை, அதனால் நீண்டு ஒலிக்கும் கிராஷ், ரைட் சிம்பல்கள் அதில் கிடையாது. சிம்பல் இல்லாத, கால்மிதிப் பழக்கம் இல்லாத, ஒவ்வொரு அடியும் அச்சில் வார்த்தது போன்ற தாளம். ஆக, உட்கார இடமில்லாமல் எழுந்து நின்ற முதல் ஆள் டெய்லர்.

இரண்டாவது ஆள் டீக்கனின் விரல். முதல் பாட்டான ஸ்டேயிங் பவரில் பேஸ் கிட்டாரே இல்லை, சிந்தசைசர்தான். பாடி லாங்குவேஜிலும் அப்படியே. அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்டின் உயிரே அந்த விரல் அமுக்கம்தான் என்று பார்த்தோம். அதே பாணியில் இன்னும் பாட்டு வேண்டும் என்று கிளம்பியவர்கள் முதலில் கழற்றி வைத்தது அதைத்தான்.

மூன்றாவது ஆள், எல்லோருக்கும் தெரிந்த பிரையன் மே. பாடி லாங்குவேஜில் கிட்டார் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவுமில்லை. இதில் ஒலியியல் சிக்கலும் உண்டு. மேயின் கிட்டார் ஒலி நீளமாக இழுக்கும், நடு அலைவரிசைகளை அடைத்துக்கொள்ளும் ஒலி. ஃபங்க் கிட்டார் அதற்கு நேர் எதிர்: சுத்தமான ஒலி, கம்பியைப் பாதி அமுக்கி "சிக்-சிக்" என்று நறுக்கிப் போடும் ரிதம், உடனே மௌனம். இரண்டையும் ஒரே மிக்ஸில் வைத்தால் மேயின் கிட்டார் தாளத்தின் இடைவெளிகளை மூடிவிடும், பாட்டு ஆடாது. அதனால் நறுக்கு ரிதத்தைப் பல இடங்களில் டீக்கனே வாசித்தார். பேக் சாட் பாட்டில் கிட்டார் சோலோவே வேண்டாம் என்று டீக்கன் நினைத்தார், மே சண்டை போட்டுத்தான் சோலோவை வாங்கினார். அந்தச் சோலோதான் பாட்டில் உயிருள்ள இடம் என்பது என் அபிப்பிராயம்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: கூட்டுக்குரல். மெர்க்குரி, மே, டெய்லர் மூவரும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பதிந்து எழுப்பும் அந்தக் கோபுரம். ஃபங்கில் நீண்ட உயிரெழுத்துகளுக்கு இடமில்லை. குரலும் தாளக்கருவி மாதிரி வெட்டி வெட்டி வர வேண்டும். எனவே முதல் பக்கத்தில் அந்தக் கோபுரமும் சுருங்கிப்போனது.

இப்போது ரசிகர்களின் வாதங்களுக்கு வருவோம்.

"காசுக்காகச் செய்தார்கள்" என்பது முதலாவது. பலவீனமான வாதம். 1981 கடைசியில் அவர்களுடைய தொகுப்பு ஆல்பம் கொட்டி விற்றுக்கொண்டிருந்தது. காசுதான் குறி என்றால் தி கேம் மாதிரியே இன்னொன்றைச் செய்திருக்கலாம். விற்பனைப் பட்டியலில் ஹாட் ஸ்பேஸ் பிரிட்டனில் 4-ஆம் இடம், அமெரிக்காவில் 22. பாடி லாங்குவேஜ் சிங்கிள் அமெரிக்காவில் 11 வரை ஏறியது, பிரிட்டனில் 25-இல் நின்றது. பேக் சாட் பிரிட்டனில் 40. அமெரிக்க எண்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பாட்டு 11, ஆல்பம் 22. தனிப் பாட்டு வாங்குபவனும் ஆல்பம் வாங்குபவனும் ஒரே ஆள் இல்லை. ஆடுகிறவன் பாட்டை எடுத்துக்கொண்டான், பழைய விசுவாசி ஆல்பத்தைக் கடையிலேயே விட்டுவிட்டான்.

"எல்லாம் ஃப்ரெடியும் டீக்கனும் செய்த வேலை, பாவம் மற்ற இருவரும்" என்பது அடுத்தது. உறையைத் திருப்பிப் பார்த்தால் இது நிற்காது. முதல் பக்கத்து ஐந்தில் மெர்க்குரி இரண்டு, டீக்கன் ஒன்று, டெய்லர் ஒன்று, மே ஒன்று. டான்ஸர் என்ற பாட்டை எழுதியவர் சாட்சாத் பிரையன் மே. உண்மையான கோளாறு வேறு. அந்தக் காலத்தில் பாட்டு யார் எழுதியதோ அவர் பெயரில் தனியாக வரும், வருமானமும் அவருக்கு. எனவே யார் பாட்டோ அதில் அவர் வைத்ததுதான் சட்டம். டீக்கன் தன் பாட்டில் கிட்டாரைத் தள்ளி வைக்க முடிந்ததும் இதனால்தான். பின்னால் 1989-இல் வந்த தி மிராக்கிள் ஆல்பத்திலிருந்து எல்லாப் பாட்டையும் குயீன் என்ற ஒரே பெயரில் போட ஆரம்பித்தார்கள்.

"சிந்தசைசர் வந்தது, குயீன் போனது" என்பது மூன்றாவது, அதிகம் கேட்கிற வாதம். இதற்கு 1984-இல் குயீனே பதில் சொல்லிவிட்டார்கள். தி வொர்க்ஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு ரேடியோ கா கா. எழுதியவர் டிரம்மர் டெய்லர். மெஷின் தாளம், துடிக்கும் சிந்தசைசர் பேஸ், பாட்டின் பெரும்பகுதியில் கிட்டார் ஓரமாகத்தான் நிற்கிறது. காகிதத்தில் பார்த்தால் ஹாட் ஸ்பேஸ் பாவங்கள் எல்லாம் இதில் உண்டு. பிரிட்டனில் 2-ஆம் இடம். 1985 ஜூலை 13 அன்று லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியில் வெம்ப்லி மைதானமே தலைக்கு மேல் கை தூக்கி "டப்-டப்" என்று இரட்டைத் தட்டு தட்டியது இந்தப் பாட்டுக்குத்தான். ஏன் எடுபட்டது? கோரஸில் நீண்ட உயிரெழுத்து திரும்பி வந்துவிட்டது, ஆயிரம் பேர் சேர்ந்து இழுக்கலாம். கூட்டுக்குரல் கோபுரம் திரும்பி எழுந்துவிட்டது. கைத்தட்டுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். டெய்லரின் கால்மிதி இல்லை என்பதை யாரும் தேடவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் கூட்டத்தையே உட்கார வைத்துவிட்டார்கள்.

இதைவிடக் குறும்பான சாட்சி அதே ஆல்பத்தில் உள்ள ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ. நடுவில் வரும் சோலோவை "என்ன இருந்தாலும் பிரையன் மே கிட்டார்" என்று உருகிச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஸ்டுடியோப் பதிவில் அது கிட்டாரே இல்லை. ஃப்ரெட் மேண்டல் என்ற கீபோர்டு கலைஞர் சிந்தசைசரில் வாசித்தது. மேடையில்தான் மே அதைக் கிட்டாரில் எடுத்துக்கொண்டார். சிந்தசைசர் ஒரு குழுவைக் கொல்லும் என்றால் இந்த இடத்தில் கொன்றிருக்க வேண்டும். கிட்டார் வர வேண்டிய இடத்தில், கிட்டார் பாட வேண்டிய மெட்டை அது பாடியது. இடம் காலியாக விடப்படவில்லை, அவ்வளவுதான்.

ஹாட் ஸ்பேஸை ஆதரிப்பவர்களும் ஒரு தப்புச் செய்கிறார்கள். "காலத்துக்கு முந்திய ஆல்பம், ஆறு மாதம் கழித்து மைக்கேல் ஜாக்சனின் த்ரில்லர் வந்தது, உலகமே இதே ஒலிக்கு ஆடியது" என்பார்கள். த்ரில்லர் 1982 நவம்பர் கடைசியில் வந்தது உண்மைதான். ஆனால் அதில் பீட் இட் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். இறுகிய நடனத் தாளம், அதன் நட்டநடுவே ராக் கிட்டார் ரிஃப், உச்சத்தில் எடி வான் ஹேலனை அழைத்துவந்து ஒரு சோலோ. பாப் பாடகர் ஒருவர் வெளியிலிருந்து ராக் கிட்டாரை வரவழைத்து நடுவீட்டில் நாற்காலி போடுகிறார். வீட்டிலேயே பிரையன் மேயை வைத்திருந்தவர்கள் அவரைத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். இந்த ஒப்பீடு ஆதரவுக் கட்சிக்கு உதவாது.

அமெரிக்கக் கதையில் இசைக்கு வெளியே உள்ள ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். டிஸ்கோ மீதான அந்த வெறுப்பில் கறுப்பினத்தவர் மீதும் ஓரினச் சேர்க்கையாளர் மீதும் இருந்த வெறுப்பும் கலந்திருந்தது. அதற்கு அடுத்த வருடம் மெர்க்குரி முடியை ஒட்ட வெட்டி மீசை வைத்து, அன்று ஓரினச் சேர்க்கையாளர் தோற்றமாகக் கருதப்பட்ட கோலத்தில் வந்தபோது சிலர் மேடை மீது சவர ரேசர்களை எறிந்தார்கள். பாடி லாங்குவேஜ் வீடியோவை அமெரிக்க இசைத் தொலைக்காட்சியான எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது. ஆகவே "எனக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை" என்று சொன்னவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிடிக்காமல் போனது ஒலி மட்டுமல்ல. 1982 சுற்றுப்பயணத்துக்குப் பிறகு மெர்க்குரியோடு குயீன் அமெரிக்காவில் சுற்றுப்பயணமே போகவில்லை.

ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் பெரும்பாலும் வேறு ஊர். புட் அவுட் தி ஃபயரில் மேயின் கிட்டார் முழு உக்கிரத்தில் இருக்கிறது. லாஸ் பாலாப்ராஸ் டி அமோர் பழைய குயீனின் மெல்லிசை. கூல் கேட் மெர்க்குரியும் டீக்கனும் சேர்ந்து எழுதிய, கள்ளக்குரலில் மிதக்கும் சோம்பல் பாட்டு. பாடகர் டேவிட் போவி அதற்குப் பதிந்து கொடுத்த குரலை அவர் கேட்டுக்கொண்டபடி கடைசி நேரத்தில் நீக்கினார்கள். முடிவில் அண்டர் பிரஷர், 1981 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரூவில் போவியோடு பதிந்தது, அந்த அக்டோபரிலேயே சிங்கிளாக வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. நிஜ டிரம், விரல் பேஸ், இரண்டு பெரிய குரல்கள். 1986 ஜூலையில் வெம்ப்லியில் பாடியபோது இந்த ஆல்பத்திலிருந்து பட்டியலில் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். யார் எழுந்து நிற்கவில்லையோ அந்தப் பாட்டு தங்கிவிட்டது.

மற்ற குழுக்களிலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவருகிறது. ஸீஸீ டாப் 1983-இல் எலிமினேட்டர் போட்டபோது தாளத்தை மெஷினுக்கு மாற்றினார்கள், வேகத்தை 120-ஐ ஒட்டிக் கட்டினார்கள், சிந்தசைசர் துடிப்பைக் கீழே ஓடவிட்டார்கள். ஹாட் ஸ்பேஸை விட அதிகமான மெஷின் அது. ஆனால் பில்லி கிப்பன்ஸின் ப்ளூஸ் கிட்டாரும் கரகரக் குரலும் ஒரு அங்குலம் நகரவில்லை. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகள் தாண்டியது. பலியானவர் முக்கியமாக டிரம்மர்.

யெஸ் குழு கொஞ்சம் சிக்கலான வழக்கு. 1981-இல் கலைந்தது. அதன் பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்குயரும் டிரம்மர் ஆலன் ஒயிட்டும் தென்னாப்பிரிக்கக் கிட்டார் கலைஞர் ட்ரெவர் ரேபினோடு சினிமா என்ற பெயரில் வேறு குழுவாகத்தான் தொடங்கினார்கள். பாடகர் ஜான் ஆண்டர்சன் கடைசியில் வந்து சேர்ந்ததும் பெயர் யெஸ் ஆகிவிட்டது. ட்ரெவர் ஹார்ன் தயாரித்த ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட் 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். இருபது நிமிடப் பாட்டுக்குப் பழகிய கூட்டம் நான்கரை நிமிடத்தில் முடிந்ததைக் கேட்டுத் திகைத்தது. இங்கே சண்டை ஒலியைப் பற்றி என்று தோன்றும், உண்மையில் பழைய கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹவ் இல்லாத குழுவுக்கு அந்தப் பெயர் தகுமா என்பதைப் பற்றியது. சினிமா என்ற பெயரிலேயே வந்திருந்தால் பாதி ரசிகர்கள் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

ஜெனிசிஸ் விஷயத்தில் ரசிகர்கள் ஆல்பத்தைக் கேட்காமலே தீர்ப்பு எழுதினார்கள் என்பது என் குற்றச்சாட்டு. 1986-இன் இன்விசிபிள் டச்சிலிருந்து ஐந்து பாட்டு அமெரிக்காவின் முதல் ஐந்து இடங்களுக்குள் போனது, வானொலியில் அவைதான் ஓயாமல் ஓடின. அதே ஆல்பத்தில் பத்து நிமிடத்தைத் தாண்டும் டாமினோ இருக்கிறது, பாட்டு வரிகளே இல்லாத கருவியிசை ஒன்றும் இருக்கிறது.

நம் காலத்துக்கு வந்தால் லிங்கின் பார்க்கின் ஒன் மோர் லைட், 2017 மே. இங்கே எழுந்து நின்றவை பிராட் டெல்சனின் கனத்த கிட்டாரும் செஸ்டர் பென்னிங்டனின் அலறலும். வேலை செய்த முறையே மாறியிருந்தது: வழக்கமாக இசையைக் கட்டிவிட்டுப் பாட்டை ஏற்றுபவர்கள், இந்த முறை சொல்லையும் மெட்டையும் முதலில் எழுதினார்கள், வெளியிலிருந்து பாப் பாட்டெழுதுபவர்களையும் அழைத்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், பென்னிங்டனும் பதிலுக்குக் கொதித்தார். ஜூலையில் அவர் இறந்தார். அதன்பிறகு தலைப்புப் பாட்டை மக்கள் கேட்கும் விதமே மாறிவிட்டது.

சரி, உங்களுக்குப் பிடித்த பழைய குழு நாளை புதுப் பாட்டு விடுகிறது, "பாப் ஆகிவிட்டார்கள்" என்று கூச்சல் கிளம்புகிறது. எப்படிக் கேட்பது?

போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர்களில் அடி அலைவரிசைகள் ஏறக்குறைய காணாமல் போகும். ராக் பாட்டில் கிட்டாரும் குரலும் நடு அலைவரிசையில் இருப்பதால் தப்பிக்கும். நடனப் பாட்டின் எலும்பே கீழே இருக்கிறது. பாடி லாங்குவேஜைப் போனில் போட்டால் சொடக்கும் முனகலும் மட்டும் மிஞ்சும், "இதில் என்ன இருக்கிறது" என்றுதான் தோன்றும். நல்ல ஹெட்போன் போதும். பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடின பாட்டு எப்போதும் நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். உங்கள் செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் அமைப்பு இருந்தால் அதை இயக்கிவிட்டுக் கேளுங்கள்.

முதல் தடவை ஸ்நேரை மட்டும் பின்தொடருங்கள். ஒவ்வொரு அடியும் அச்சு அசல் ஒன்றாக இருக்கிறதா, கை மாறுகிறதா? பிறகு பேஸ். சுரம் மாறும்போது வழுக்கலோ விரல் உரசலோ கேட்டால் ஆள் வாசித்தது, துவக்கமும் முடிவும் கத்தரித்தது போலிருந்தால் மெஷின். மூன்றாவதாக, பாடகர் மூச்சு விடும் இடங்களைக் கவனியுங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் உள்ள அந்த இரண்டு நொடியை யார் நிரப்புகிறார்கள்? ஒரு குழுவின் குணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பழைய ஆல்பத்தில் அந்த இடம் கிட்டாருக்குச் சொந்தமாக இருந்து, இப்போது வெறும் ஒலிப்படலம் பரவிக் கிடந்தால், நீங்கள் "ஏதோ குறைகிறது" என்று சொல்வது அதைத்தான்.

பாட்டுக்குரியவர்கள் பட்டியலையும் பாருங்கள், ஆனால் வெளியார் பெயர் இருப்பதாலேயே குதிக்க வேண்டாம். முதல் சிங்கிளை வைத்து ஆல்பத்தை எடைபோடவும் வேண்டாம். வானொலிக்கு எது ஏதுவோ அதைத்தான் கம்பெனி முதலில் விடும், அது பெரும்பாலும் ஆல்பத்தின் மிக இனிப்பான துண்டு.

கடைசிச் சோதனை மேடை. 1982 ஜூன் 5, ஹாட் ஸ்பேஸ் வந்து இரண்டு வாரம், மில்டன் கீன்ஸ் பவுல். புதுப் பாட்டுக்குப் போகும் முன் மெர்க்குரி கூட்டத்திடம் விளக்கம் சொல்கிறார்: சில புது ஒலிகளை முயன்று பார்க்கிறோம், ராக் உணர்வு போய்விட்டது என்று அர்த்தமில்லை, வெறும் ஒரு ரெக்கார்டுதானே என்று. கொஞ்சம் எரிச்சல் குரலில் தெரிகிறது. பிறகு ஸ்டேயிங் பவர். ஊதுகருவிகள் இல்லை. டீக்கன் பேஸைக் கழற்றி வைத்துவிட்டு ரிதம் கிட்டாரை மாட்டிக்கொண்டு நறுக்குகிறார், மேயின் கிட்டார் முன்னால் வந்துவிடுகிறது, டெய்லர் நிஜ டிரம்மை வெளுக்கிறார், அந்த "த்ஷ்" திரும்பிவிட்டது. அதே பாட்டு, அதே மெட்டு. ஸ்டுடியோப் பதிவைத் தாங்க முடியாதவர்கள் கூட இதற்குத் தலையாட்டுவார்கள். பாட்டில் சரக்கு இருந்தது, பதிவில்தான் ஆட்கள் இல்லை.

ஹாட் ஸ்பேஸை இனிமேல்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால் ஆல்பத்தின் வரிசையில் கேட்க வேண்டாம், முதல் இருபது நிமிடத்தில் அலுத்துவிடும். அண்டர் பிரஷரில் தொடங்கி, பேக் சாட், புட் அவுட் தி ஃபயர், கூல் கேட் என்று இரண்டு பக்கங்களையும் கலந்து போங்கள். பாடி லாங்குவேஜைக் கடைசிக்கு வையுங்கள். 2011 மறுபதிப்பு கிடைத்தால் நல்லது: அதன் கூடுதல் தட்டில் மில்டன் கீன்ஸ் ஸ்டேயிங் பவரும், பேக் சாட்டின் சிங்கிள் ரீமிக்ஸும் இருக்கின்றன. ஸ்டேயிங் பவரின் ஸ்டுடியோப் பதிவை முதலில் கேட்டு, உடனே மேடைப் பதிவைப் போடுங்கள்.